எழுபதுக்குக் கீழே

கரா-புலாக்
9 மார்ச் 1987

புருல் தங்கச்சிக்கு,

அண்ணன் தோகோன் எழுதுறேன். இது மூணாவது கடுதாசி. முதல் ரெண்டும் வந்து சேரலையா, இல்ல வந்து சேர்ந்து குப்பைக்கூடைக்குப் போயிடுச்சா? ட்ரங்க் கால் போட்டா ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். "தூங்குறா அண்ணா"ங்கிறார். பகல் பன்னெண்டு மணிக்கு என்னடி தூக்கம்?

நேத்து பெண்கள் தினம். பால் ஆலையில பொம்பளைங்களுக்கு ஆளுக்கொரு தலைத்துணி கொடுத்தாங்க. ஸ்டோர் சாவி என்கிட்டதானே இருக்கு, உனக்கும் ஒண்ணு எடுத்து வெச்சுட்டேன். நீலப் பூப் போட்டது. திட்டாதே, ஒண்ணு மிச்சம் இருந்துச்சு.

நான் வரலைன்னு உனக்கு மனசுல இருக்கும். பிப்ரவரி பூரா கணவாய் மூடிக் கிடந்துச்சும்மா. பனி ஆள் உயரம். நடந்தாவது வரலாம்னு பார்த்தேன், உன் அண்ணி விடலை. அப்பா அம்மா போனப்புறம் உனக்கு நான், எனக்கு நீ. வராம இருப்பேனா?

நடந்தது நடந்துபோச்சு. ஏழு மாசம் சுமந்ததை மறன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா உனக்கு இருபத்தாறு வயசுதான் ஆகுது. அடுத்தது நல்லபடியா பிறக்கும். நல்லாச் சாப்பிடு. டிரைவர் ஒமுர் ஓட்டுற பஸ்ஸுல தேனும் காய்ஞ்ச கறியும் கொடுத்து விட்டிருக்கேன்.

இங்க நிலைமை சரியில்ல. இந்தக் குளிர்காலத்துல நம்ம வட்டாரத்துல மூணு பொண்ணுங்களுக்கு உனக்கு ஆன மாதிரியே ஆயிடுச்சு. கமிஷன்னு அஞ்சு பேர் வந்து, பாலேட்டைக் கைமாக் ஜாடியில அடைக்கிற பகுதிக்கு முத்திரை வெச்சுட்டாங்க. பாலேடு இறங்குற குழாய்ல கிருமியாம். குழாயைத் துடைக்கிற சைராகான் மேல கேஸ். தினமும் ஸ்பிரிட்ல துடைக்கணும், அவ துடைக்கலைன்னு ஃப்ரூன்ஸேல இருந்து காகிதம் வந்திருக்காம். உன் லேப்தானே அது? அந்தக் காகிதத்தை நீ பார்த்தியா?

ரெண்டு வரி போடு. திட்டியாவது போடு.

உன் அண்ணன்
தோகோன்


ஃப்ரூன்ஸே
20 மார்ச் 1987

அண்ணா,

மூன்று கடிதங்களும் வந்தன. பதில் எழுத உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன். மறுபடி உட்கார்ந்தேன். அவ்வளவுதான் நடந்தது.

"அடுத்தது நல்லபடியா பிறக்கும்" என்று இனிமேல் எழுதாதே. மாமியார் சொல்கிறாள், எதிர் வீட்டுக்காரி சொல்கிறாள், டாக்டர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். நீயும் ஆரம்பிக்காதே.

கணவாய் மூடியிருந்ததாம். ஒமுர் நான் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில் மட்டும் இரண்டு நடை ஃப்ரூன்ஸேக்கு வந்து போயிருக்கிறான். தேனைக் கொடுக்க வந்தபோது அவனாகவே உளறிவிட்டான். நீ ஏன் வரவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை. பொய்யாவது சொல்லாமல் இருந்திருக்கலாம்.

காகிதத்தைப் பார்த்தேனா என்று கேட்டிருக்கிறாய். எழுதினதே நான்தான். கீழே இருப்பது என் கையெழுத்து.

புத்தாண்டுக்கு நீ ஆறு ஜாடி கைமாக் அனுப்பினாய். எனக்குக் குமட்டலெல்லாம் நின்று அகோரப் பசி எடுத்துக்கொண்டிருந்த சமயம். ரொட்டியில் தடவிக்கூட இல்லை, நின்றபடியே ஸ்பூனால் அள்ளித் தின்றேன். ஐந்து ஜாடியும் நானே. ஆறாவதில் பாதி மிச்சமாகி பால்கனிக் குளிரில் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அதைத் துணியில் சுற்றி லேப்புக்கு எடுத்துப் போனேன். கிருமி வளர்ந்தது. என்னிடமிருந்து எடுத்த ரத்தத்திலும் அதே கிருமி. உங்கள் ஊர்ப் பெண்கள் மூன்று பேரிடமும் அதே.

லிஸ்டீரியா என்று அதற்குப் பெயர். நமக்கு வந்தால் இரண்டு நாள் காய்ச்சல், உடம்பு வலி, தீர்ந்தது. வயிற்றில் இருக்கிற குழந்தையைத்தான் அது பிடிக்கும். மற்றக் கிருமிகள் குளிரில் சுருண்டு கிடக்கும், இது குளிரிலும் பெருகும். பால்கனியில் வைத்தால் கெடாது என்று நானே நினைத்திருந்தேன். படித்தவள் நான்!

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நல்லது என்று நினைத்துத்தான் அனுப்பினாய். ஆனால் அந்தச் சைராகானை விட மாட்டேன். எழுபது டிகிரி ஸ்பிரிட்டில், அதாவது நூறில் எழுபது பங்கு ஸ்பிரிட் இருந்தால், இந்தக் கிருமி ஒரு நிமிஷம் தாங்காது. குழாயில் உயிரோடு இருந்தது என்றால் துடைக்கவில்லை என்று அர்த்தம். இதில் குழப்பமே கிடையாது. லீவை ரத்து செய்துவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டேன். கோபத்தில் போட்டேன்தான். ஆனாலும் கணக்கு சரியான கணக்கு.

புருல்


கரா-புலாக்
1 ஏப்ரல் 1987

புருல்,

உன் கடுதாசியை லோடு இறக்கிற மேடையில நின்னு படிச்சேன். அப்புறம் அன்னிக்கு பூரா யார் என்ன கேட்டாங்க, நான் என்ன எடுத்துக் கொடுத்தேன், ஒண்ணும் ஞாபகமில்ல.

அந்த ஆறு ஜாடியும் என் கையால பொறுக்கி எடுத்ததுடி. ஏடு கெட்டியா நிக்குதான்னு ஒவ்வொண்ணா சாய்ச்சுப் பார்த்து, "என் தங்கச்சிக்குப் போகுது, நல்லதாக் குடுங்க"ன்னு சண்டை போட்டு வாங்கினேன். இதை எப்படிச் சொல்றதுன்னே தெரியலை. கையை வெட்டிப் போட்டாலும் ஆறாது.

கணவாய் விஷயம், சரி, பொய்தான். பஸ் ஓடிச்சு. ஆஸ்பத்திரி, அழுகை, அதெல்லாம் எனக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா? உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரலை. இப்ப திருப்தியா?

சைராகான் கதையைக் கேளு. அவ வாய் அடங்க மாட்டேங்குது. விசாரணைக்கு வந்தவர் மூஞ்சிக்கு நேரா, "நான் துடைக்கலையா? என் தலைத்துணியை மோந்து பாரு! பதினோரு வருஷமா ஸ்பிரிட் நாத்தத்தோட வீட்டுக்குப் போறேன், கல்யாண வீட்டுல பக்கத்துல உக்கார மாட்டேங்குறாளுங்க, குடிகாரின்னு பேர் வேற!"ன்னு கத்தியிருக்கா. அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டாராம். ஆலையே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன்.

ஆனா சிரிக்கிற விஷயமில்ல. அந்த மூணு பொண்ணுங்கள்ல ஒருத்தி ஜில்டிஸ், சைராகானோட சொந்த மருமகள். இப்ப மாமியாருக்கு அவ டீ ஊத்திக் கொடுக்கிறதில்லையாம். மருமகள் கையால டீ இல்லைன்னா நம்மூருல அந்த வீட்டுல அவளுக்கு என்ன இருக்கு? ஒரே அடுப்புல ரெண்டு கெட்டில் வெச்சிருக்காங்கன்னு தெருவே பேசுது.

என்ன பண்றது? துடைக்கலைன்னா அனுபவிக்க வேண்டியதுதான். சோம்பேறிதான் அவ, எனக்கு முன்னாடியே தெரியும். நீ உன் வேலையைச் செஞ்சுட்டே. இனிமே இதைக் கிளறாதே, உடம்பைப் பாரு.

தோகோன்


ஃப்ரூன்ஸே
12 ஏப்ரல் 1987

அண்ணா,

உன் கடிதத்தில் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

ஒரு பொம்பளை பதினோரு வருஷமாக ஸ்பிரிட் வாடையோடு வீட்டுக்குப் போகிறாள் என்றால் அவள் துடைத்திருக்கிறாள். துடைக்காதவளிடம் வாடை எங்கிருந்து வரும்? குடித்தாள் என்று நீ சொல்லவில்லை, ஊரும் அப்படி நம்பவில்லை, கேலிதான் பண்ணுகிறீர்கள்.

துடைத்தும் கிருமி பிழைத்தது என்றால் என் காகிதம் தப்பு. நான் அந்தக் குழாயைப் பார்த்ததில்லை. அவள் ஸ்பிரிட்டை எப்படிக் கலக்குகிறாள் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. கையெழுத்துப் போடும்போது எனக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. யாராவது ஒருத்தி வேண்டியிருந்தது.

அவள் தன் சொந்த மருமகளுக்கே அப்படிச் செய்துவிட்டாள் என்று என் ஒரு வரியை வைத்துத்தானே அந்த வீட்டில் இரண்டு கெட்டில் கொதிக்கிறது?

எனக்காக ஒன்று செய். குழாய் துடைக்கக் கொடுக்கிற கேனிலிருந்து அரை லிட்டர் ஸ்பிரிட் எடுத்து, நன்றாக மூடி, ஒமுரிடம் கொடுத்து அனுப்பு. அவள் எந்த அளவில் தண்ணீர் கலப்பாள் என்பதையும் எழுது. சாவி உன்னிடம்தானே இருக்கிறது.

புருல்


கரா-புலாக்
23 ஏப்ரல் 1987

புருல்,

கேட்டதை அனுப்பியாச்சு. பாட்டில் வாயில மெழுகு வெச்சு அடைச்சிருக்கேன். ஒமுர் வழியில மோந்து பார்க்காம இருந்தா முழுசா வந்து சேரும். இந்தக் காலத்துல அவனை நம்பி ஸ்பிரிட் கொடுக்கிறதும், ஓநாய்கிட்ட ஆட்டைக் கொடுக்கிறதும் ஒண்ணுதான்.

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. நீ என்னையா சோதிக்கிறே? அப்பா செத்தப்போ உனக்கு எட்டு வயசு. பள்ளிக்கூடத்துக்கு உன்னைக் குதிரையில முன்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனவன் நான். உன்னை ஃப்ரூன்ஸேக்குப் படிக்க அனுப்பினப்போ ஊர் என்னைப் பார்த்துச் சிரிச்சுச்சு. இப்ப என் கேன்ல இருந்து பாட்டில் கேக்குறே, திருடனை விசாரிக்கிற மாதிரி.

கலக்கிறதைக் கேட்டியே. சுவத்துல விதி ஒட்டியிருக்கு. கேன்ல வர்றது தொண்ணூத்தாறு டிகிரி. அதுல அஞ்சு குவளைக்கு ரெண்டு குவளை தண்ணி ஊத்தினா எழுபதுக்கு வரும். சைராகான் குவளையைக் கண்ணு மட்டத்துக்குத் தூக்கிப் பிடிச்சு அளப்பா. ஒரு சொட்டு கூடினா கீழ கொட்டிட்டு மறுபடி அளப்பா. குழாய் மூட்டுல இருக்கிற ரப்பர் வளையத்தைக்கூடக் கழட்டி ஊற வெப்பா. மத்தவளுங்க கிளம்பிப் போயிடுவாளுங்க, இவ மட்டும் வளையத்தை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பா.

போதுமா? வழக்கு ஜூன் இருபத்திரெண்டுன்னு சொல்றாங்க. ரெண்டு வருஷம் கிடைக்கும்னு பேச்சு.

தோகோன்


ஃப்ரூன்ஸே
10 மே 1987

அண்ணா,

போன மாதம் சோம்பேறி என்று எழுதினாய். இந்த மாதம் ஒரு சொட்டு கூடினாலும் கொட்டிவிட்டு மறுபடி அளப்பாள் என்று எழுதுகிறாய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

பாட்டில் வந்தது. அளந்தேன். சுத்தமான தொண்ணூற்றாறு. உன் விதிப்படி தண்ணீர் கலந்து கிருமியை அதில் விட்டேன். ஒரு நிமிஷத்தில் எல்லாம் செத்தது. அண்ணனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து அழுதேன். மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம்கூட எழுதினேன். அதை அனுப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்களிடம் இதே இனத்தில் பழைய கிருமி ஒன்று இருக்கிறது. வருஷக்கணக்காக லேப்பில் சோதனைக் குழாயிலேயே வளர்வது, வெளி உலகம் பார்க்காதது. அதையும், உன் ஜாடியிலிருந்து வந்ததையும் எடுத்துக்கொண்டேன். இரண்டையும் மெலிந்த ஸ்பிரிட்டில் போட்டேன். நூறில் பதினேழு பங்குதான் ஸ்பிரிட், மற்றதெல்லாம் தண்ணீர். ஒரு மணி நேரம் விட்டேன். லேப் கிருமி ஏறக்குறைய முழுக்கச் செத்துப் போனது. கைமாக் கிருமி, அண்ணா, ஒன்றுமே நடக்காத மாதிரி மறுநாள் வளர்ப்புத் தட்டு முழுக்கப் பூத்திருந்தது. மூன்று தடவை திருப்பிச் செய்தேன். மூன்று தடவையும் அதேதான்.

பிறகு லேப் கிருமிக்குக் கொஞ்சமாக, நூறில் ஐந்து பங்கு மட்டும், ஒரு மணி நேரம் கொடுத்துப் பார்த்தேன். அது சாகவில்லை. அதற்கப்புறம் அதைப் பதினேழில் போட்டால் அதுவும் தாங்க ஆரம்பித்துவிட்டது. ஒரேயடியாகப் பலமாகக் கொடுத்தால் சாகிறது. கொஞ்சமாகக் கொடுத்தால் தேறிக்கொள்கிறது. உப்பையும் புளிப்பையும்கூட முன்னைவிட நன்றாகத் தாங்குகிறது. எங்கள் லேப் உதவியாளர் அம்மா தட்டைப் பார்த்துவிட்டு, "இது ஏற்கெனவே குடிச்சுப் பழகினதும்மா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் தட்டில் இருந்ததை மறுபடி எண்ணினேன்.

குழாயில் இருந்த கிருமிக்கு யாரோ மாதக்கணக்காக மெலிந்த ஸ்பிரிட் கொடுத்திருக்கிறார்கள். நீ அனுப்பினது மெலிந்ததில்லை. கமிஷன் வந்து போன பிறகு புதுக் கேன் வந்ததா?

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். கேட்காமல் மூன்று நாள் இருந்து பார்த்தேன், முடியவில்லை. போன ஜூனில் என் கல்யாணம். மதுவுக்குக் கட்டுப்பாடு வந்து ஒரு வருஷம், கடையில் ஒரு பாட்டில் வாங்க முடியாத காலம். நம் பந்தியில் நூற்றிருபது பேருக்கு டீ கெட்டில் கெட்டிலாக ஊற்றினாய். டீ இல்லை அது. எங்கிருந்து வந்தது, அண்ணா?

புருல்


கரா-புலாக்
24 மே 1987

புருல்,

இந்தக் கடுதாசியை நாலு தடவை கிழிச்சுப் போட்டுட்டேன். இதையும் கிழிக்கிறதுக்குள்ள அனுப்பிடணும்.

என் ஸ்டோர்ல இருந்துதான் வந்துச்சு.

நீ போன வருஷம் ஏப்ரல்ல எழுதினது ஞாபகம் இருக்கா? "தலாஸ்ல இருந்து மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரங்க அறுபது பேர் வர்றாங்க, வெறும் டீயைக் குடிச்சுட்டுப் போனா காலம் பூரா சொல்லிக் காட்டுவாங்க, எப்படியாவது பாருண்ணா"ன்னு எழுதியிருந்தே. உன்மேல பழி போடலை. நீ எப்படியாவதுன்னுதான் எழுதினே, திருடுன்னு எழுதலை. எனக்குத் தெரிஞ்ச எப்படியாவது அது ஒண்ணுதான்.

ஐம்பது லிட்டர் கேன்ல பாதி எடுத்தேன். எடுத்த அளவுக்குத் தண்ணி ஊத்தி நிரப்பினேன். ஸ்பிரிட்தானே, பாதி இருந்தாலும் கிருமி சாகாதான்னு நினைச்சேன். வோட்காவே நாப்பதுதான், அதுவே வயித்துல இருக்கிறதையெல்லாம் கொன்னுடும்னுதானே நாம எல்லாரும் சொல்லிட்டுத் திரியறோம்! மாட்டினா விட்டிருப்பேன். மாட்டலை. அடுத்த கேன் வந்துச்சு. நிலக்கரி லாரிக்காரன் ஸ்பிரிட் இல்லாம நிலக்கரி இறக்க மாட்டேன்னான். கொடுத்தேன், தண்ணி ஊத்தினேன். மேனேஜருக்கு விருந்தாளி வந்தாங்க. கொடுத்தேன், ஊத்தினேன். கூரை ஒழுகிச்சு, தச்சன் வந்தான். கடைசியில எனக்கே கணக்குத் தெரியலை, அதுல பாதி இருந்துச்சா, கால்வாசி இருந்துச்சான்னு. வாடை மட்டும் இருந்துச்சு.

அதுலதான் அந்தப் பாவி மக சைராகான், விதியில இருக்கிறபடி அஞ்சு குவளைக்கு ரெண்டு குவளை தண்ணி ஊத்தியிருக்கா. ஒரு சொட்டு தப்பாம. அவ சோம்பேறியா இருந்து, தண்ணி கலக்காம அப்படியே துடைச்சிருந்தாக்கூடக் கொஞ்சம் பலமா இருந்திருக்கும். அவ ஒழுங்கா இருந்ததாலயே இன்னும் மெலிஞ்சு போச்சு.

நீ கேட்டது சரி. கமிஷன் போனப்புறம் வந்த புதுக் கேன்லதான் பாட்டிலை நிரப்பினேன். பழையதை சாக்கடையில ஊத்திட்டேன்.

பிப்ரவரியில உனக்கு அப்படின்னு தந்தி வந்தப்போ, இங்க ஏற்கெனவே ஒருத்திக்கு ஆயிருந்துச்சு, ஆலைப் பாலேடுன்னு வதந்தி. அப்பவே எனக்குக் கேன் ஞாபகம்தான் வந்துச்சு. அதான் வரலை. கணவாயும் இல்ல, அழுகையும் இல்ல. பயம்.

இப்ப ஒண்ணு கெஞ்சிக் கேக்குறேன். என் பெரியவனுக்கு ஒன்பது, சின்னவளுக்கு நாலு. அரசாங்கச் சொத்தைத் திருடினது, ஆள் செத்தது, ரெண்டும் சேர்ந்தா எனக்கு எத்தனை வருஷம்னு யாருக்குத் தெரியும்? சைராகான் வயசானவ. கோர்ட்ல பாவம் பார்ப்பாங்க, ஒரு வருஷத்துல வெளிய வந்துடுவா. அவ குடும்பத்துக்கு நான் குளிர்காலம் பூரா கறி கொடுக்கிறேன், விறகு கொடுக்கிறேன். நீ அந்தக் காகிதத்தை அப்படியே விட்டுடு. உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன்.

தோகோன்


ஃப்ரூன்ஸே
3 ஜூன் 1987

அண்ணா,

கறி கொடுப்பாயா? அவளுக்கா? தன் பேரக்குழந்தையைத் தன் கையாலேயே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு தனிக் கெட்டிலில் டீ போட்டுக் குடிக்கிறவளுக்குக் கறியா? எழுதும்போது உனக்கு வெட்கமாக இல்லை?

ஜெயில் பற்றித்தான் பேசுகிறாய். ஜெயில் அவளுக்குப் பெரிதாக இருக்காது. ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ இருந்துவிட்டு அவள் எந்த வீட்டுக்குத் திரும்புவாள்? அந்தப் பெண் ஜில்டிஸ் சாகிற வரைக்கும் அவள் முகத்தில் விழிக்க மாட்டாள். நானாக இருந்தாலும் விழிக்க மாட்டேன். அதைச் செய்தது நீ. உனக்குத் துணையாகக் கையெழுத்துப் போட்டது நான்.

என் பங்கை நான் தட்டிக் கழிக்கவில்லை. எப்படியாவது பார் என்று எழுதினேன். அன்று பந்தியில் கெட்டில் வந்தபோது வாடையிலேயே எனக்குத் தெரியும், கடையில் வாங்கினது இல்லை என்று. தினமும் லேப்பில் ஸ்பிரிட் விளக்குப் பற்ற வைக்கிறவள் நான், அந்த வாடை எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலாஸ்காரர்கள் குடித்துவிட்டுப் பாடினார்கள். என் அண்ணன் மானத்தைக் காப்பாற்றிவிட்டான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீ இரண்டாவது கேனில் கை வைத்திருக்க மாட்டாய். கேட்கவில்லை.

நேற்றுப் பழைய அறிக்கையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். புதிது எழுதிக் கொடுத்தேன். துடைத்திருக்கிறார்கள், ஸ்பிரிட் எழுபதுக்கு வெகு கீழே இருந்திருக்கிறது, கிருமி அதில் பழகிப் பிழைத்திருக்கிறது என்று எண்களோடு எழுதியிருக்கிறேன். லேப் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உன் முதல் கையெழுத்துக்கு என்ன பதில் சொல்வாய்?" என்றார். தப்பு என்று சொல்வேன் என்றேன். வேலை போகலாம். போகட்டும்.

உன் பெயரை அதில் எழுதவில்லை. தண்ணீர் ஊற்றினது யார் என்று கிருமி சொல்லாது. சைராகானே அளவு தப்பாக ஊற்றினாள் என்று அவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அவளும் நம்பிவிடுவாள். அதனால் நீ போய்ச் சொல்ல வேண்டும். முதலில் அவளிடம், அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு. பிறகு விசாரிக்கிறவரிடம்.

இருபதாம் தேதி வரைக்கும் பார்ப்பேன். அதற்குள் நீ போகவில்லை என்றால் நான் பஸ் ஏறி வந்து சொல்வேன். சொல்லிவிட்டு உன் வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் திரும்பிப் போவேன். என்னைக் குதிரையில் வைத்துக் கூட்டிப் போனவனை நான் போய்க் காட்டிக் கொடுக்கும்படி செய்யாதே, அண்ணா. அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

புருல்


கரா-புலாக்
14 ஜூன் 1987

புருல்,

போயிட்டு வந்தேன்.

முந்தாநாள் மத்தியானம் போனேன். சைராகான் முற்றத்துல உக்காந்து கம்பளி அலசிட்டு இருந்தா. என்னைப் பார்த்ததும், "என்ன ஸ்டோர் கீப்பரே, சாட்சி சொல்ல ஒத்திகை பார்க்க வந்தியா? சொல்லு, நான் எவ்வளவு பெரிய சோம்பேறின்னு எனக்கும் ஒருதரம் சொல்லிக் காட்டு"ன்னா. நான் விசாரணையில அப்படிச் சொன்னது அவ காதுக்குப் போயிருக்கு.

"அக்கா, நீ ஒழுங்காத்தான் துடைச்சே. நான்தான் கேன்ல ஸ்பிரிட்டை எடுத்துட்டுத் தண்ணி ஊத்தினேன்"னு சொன்னேன். ஒரே மூச்சுல சொல்லிட்டேன். இல்லைன்னா வந்திருக்காது.

அவ கம்பளியைக் கையில வெச்சபடியே என்னைப் பார்த்தா. "எவ்வளவு?"ன்னா.

"பாதி. அப்புறம் பாதிக்கும் மேல."

"அப்ப நான் அளந்து ஊத்தினேனே, அது?"

"தண்ணியிலயே தண்ணி ஊத்தியிருக்கேக்கா."

திட்டுவான்னு நினைச்சேன். திட்டலை. எழுந்து போய் வாசல் கதவைப் பிடிச்சுக்கிட்டு, "ஜில்டிஸ்! இங்க வா! இவன் சொல்றதைக் கேளு!"ன்னு கூப்பிட்டா. குரல் உடைஞ்சு போயிருந்துச்சு. அந்தப் பொண்ணு வந்து படியிலேயே நின்னுச்சு, மாமியார் பக்கம் திரும்பாம. "டேய், சொல்லு. எனக்குச் சொன்னதை அப்படியே சொல்லு." சொன்னேன். "சத்தமா சொல்லு, லாயத்துல என் மகன் இருக்கான், அவனுக்கும் கேக்கட்டும்." சொன்னேன். அவ மகன் வந்தான். அவனுக்கு ஒரு தடவை. சுவத்துக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி தலை தெரிஞ்சுது. "அவளுக்கும் சொல்லு, அவதான் ஊருக்குச் சொல்றவ"ன்னா. நாலாவது தடவையும் சொன்னேன். மகன் ஓங்கி ஒரு அறை விட்டான். பல்லு ஒண்ணு ஆடுது. வாங்கிக்கிட்டேன்.

ஜில்டிஸ் அறையைப் பார்க்கலை. மாமியார் கையைப் பார்த்துட்டு இருந்தா. ஈரக் கை, கம்பளி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் படியிறங்கி வந்து அந்தக் கையைப் பிடிச்சு, அதுல முகத்தை வெச்சுக்கிட்டா. சைராகான் ஒரு வார்த்தைதான் சொன்னா. "மூணு மாசமா இந்தக் கையால மாவு பிசையக்கூட எனக்குப் பிடிக்கலைடி"ன்னா. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் அழுத அழுகையை நின்னு பார்க்க முடியலை. ஆனா நின்னேன். ஓடிப் போறதுக்கு எனக்கு இனிமே எங்கயும் இடமில்ல.

கிளம்பும்போது சைராகான் கூப்பிட்டா. மன்னிக்கப் போறாளோன்னு ஒரு நப்பாசை. அதில்ல. "உன் தங்கச்சிக்கும் போயிடுச்சாமே, ஒமுர் சொன்னான். எங்க வீட்டுல போனது பையன். அவளுக்கு என்ன குழந்தை?"ன்னு கேட்டா.

"அது... ஏழு மாசம்க்கா"ன்னேன்.

"உனக்குத் தெரியாதா?"

"இல்லக்கா. நான் கேக்கலை."

"நாலு மாசமா கேக்கலையா?"ன்னா. அப்ப பார்த்தா பாரு ஒரு பார்வை. தண்ணி ஊத்தினேன்னு சொன்னப்போகூட அப்படிப் பார்க்கலை.

அங்கிருந்து நேரா விசாரணைக்காரர்கிட்ட போயிட்டேன். எல்லாத்தையும் எழுதிக் கொடுத்தேன். ஊரை விட்டுப் போக மாட்டேன்னு கையெழுத்து வாங்கிட்டு வீட்டுக்கு அனுப்பினாங்க. சைராகான் மேல இருந்த கேஸை எடுத்துடுவாங்களாம். என் வழக்கு இலையுதிர் காலத்துல வரும். உன் அண்ணி ரெண்டு நாளா என்கூடப் பேசலை.

புருல், பையனா, பொண்ணா?

தோகோன்


ஃப்ரூன்ஸே
24 ஜூன் 1987

அண்ணா,

பொண்ணு.

ஒரே ஒரு தடவை காட்டினார்கள், வெள்ளைத் துணியில் சுற்றி. பிறகு எடுத்துப் போய்விட்டார்கள். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டதற்கு அதெல்லாம் சொல்கிற வழக்கமில்லை என்றார்கள். தலை நிறைய முடி இருந்தது. நகம்கூட இருந்தது, அண்ணா. சின்னச் சின்னதாக, முழுசாக.

இத்தனை நாளில் என்னிடம் யாருமே கேட்கவில்லை. மாமியார் கேட்கவில்லை, டாக்டர் கேட்கவில்லை, லேப்பில் ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாரும் அடுத்ததைப் பற்றித்தான் பேசினார்கள். உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் கேட்டது.

உன் வழக்குக்கு வருவேன். கேட்டால் உள்ளதைச் சொல்வேன். கல்யாணத்துக்கு முன்னால் நான் எழுதின ஏப்ரல் கடிதத்தைப் பற்றியும் சொல்வேன். உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை. தெரிந்தால் எழுதுகிறேன்.

இப்போது நீ சைராகான் அக்கா வீட்டுக்குப் போ. அவர்கள் திட்டினாலும் போ. பொண்ணு என்று சொல். ஆய்பெரி என்று பெயர் வைக்க இருந்தோம் என்றும் சொல். அவர்கள்தானே கேட்டார்கள்.

புருல்